தூங்கினா எழும்பாது... எழும்பினா தூங்காது!

உங்க வீட்ல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கா? மானிட்டர் மேல பூப்போட்ட துணி, சிபியு மேல ரெண்டு வருஷத்துக்கு முந்தின காலண்டர், கீபோர்டுல எழுத்தெல்லாம் அழிஞ்சுபோய் ஸ்பேஸ் பார் மட்டும் பளபளன்னு... இருக்குன்னா இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். இல்லைன்னா, நிச்சயமா உங்க மாமா வீட்லயோ சித்தி வீட்லயோ இருக்கும். கிழிச்சுக் கொண்டுபோய்க் குடுங்க. புண்ணியமாப் போகும்!

நான் சொல்லப்போற பேஷன்ட்டுக்கு எங்க வீட்ல வெச்ச பேரு ‘பெரியவர்’. 2009-ல அசெம்பிள் ஆனவர். கோர் 2 டியோ ப்ராசஸர், 2 ஜி.பி. ராம், பின்னாடி ஏத்தின விண்டோஸ் 7. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எங்க சித்தப்பா நடத்துற டி.டி.பி. சென்டர்தான் பெரியவருக்கு ஆபீஸ். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்... ஜனனத்துல இருந்து மரணம் வரைக்கும் எல்லாம் அவர் கையாலதான்.

அப்படிப்பட்டவருக்கு மூணு வியாதி வந்துடுச்சு.

ஒண்ணு, தினமும் காலையில தேதியை மறந்துடுவார். ஆன் பண்ணினா பல வருஷம் பின்னாடி ஒரு ஜனவரி 1-ஆம் தேதிக்குப் போய் நிப்பார். எஃப் 1 அமுக்கினாத்தான் அடுத்த ஸ்கிரீன்.

ரெண்டு, காலையில முதல் தடவை பட்டனை அமுக்கினா ஃபேன் அரைச் சுத்து சுத்தி நின்னுடும். நாலு தடவை, அஞ்சு தடவை அமுக்கின பிறகுதான் கிளம்புவார். கிளம்பிட்டா சாயங்காலம் வரைக்கும் ராஜா மாதிரி ஓடுவார்.

மூணு, தூக்கம். சித்தப்பா மதியம் சாப்பிடப் போகும்போது ‘ஸ்லீப்’ போட்டுட்டுப் போவாங்க. சில நாள் யாருமே தொடாம தானா எழுந்து உட்கார்ந்திருப்பார். சில நாள் என்ன தட்டினாலும் எழும்பமாட்டார். லைட் எரியும், ஃபேன் சுத்தும், ஸ்கிரீன் மட்டும் கறுப்பு.

சர்வீஸுக்கு வந்தவர் பார்த்தார். “மதர்போர்டு போச்சுண்ணே. இதுக்கெல்லாம் இனிமே பார்ட்ஸ் கிடைக்காது. புதுசு ஒண்ணு போட்டுருங்க, முப்பதாயிரத்துல முடிச்சுத் தாரேன்”னுட்டுப் போயிட்டார்.

“ஏட்டி, நீ கம்ப்யூட்டர் சயின்ஸ்தான படிக்க? வந்து ஒரு பார்வை பாரு. இல்லைன்னா சவத்தைத் தூக்கி எடைக்குப் போட்டுருதேன்”னு சித்தப்பா போன் பண்ணினாங்க. வாய்தான் அப்படிச் சொல்லுச்சு. குரல்ல எடைக்குப் போடுற தெம்பு இல்ல.

புதுசு வாங்கினா போச்சா?

“மெஷின்தானே, மாத்திட்டா போச்சு!”ன்னு நீங்க கேக்குறது புரியுது. பெரியவரை மாத்துறது அவ்வளவு லேசு இல்ல பாஸ்.

சித்தப்பா வேலை மொத்தமும் பேஜ்மேக்கர்ல. 1985-ல ஆல்டஸ் கம்பெனி கொண்டுவந்த சாஃப்ட்வேர் அது. 1994-ல அடோபி அந்தக் கம்பெனியை வாங்கிச்சு. 2001-ல வந்த 7.0-தான் கடைசி வெர்ஷன். அதோட இடத்தை இன்டிசைன் பிடிச்சுக்கிச்சு. நம்ம ஊர் டி.டி.பி. கடைகள்ல மட்டும் பேஜ்மேக்கர் ரிட்டயர் ஆகவே இல்ல.

அதைவிடப் பெரிய சிக்கல் ஃபான்ட். யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி தமிழ் ஃபான்ட் ஒவ்வொண்ணும் ஒரு தனி ராஜ்ஜியம். 1999-ல சென்னையில நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டுல டாம், டாப்னு பொது முறைகளும் தமிழ் 99 கீபோர்டும் வந்துச்சு. 2010-ல தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமா அறிவிச்சது. ஆனா கடைக்காரங்க கையில இருந்த ஆயிரக்கணக்கான ஃபைல் பழைய ஃபான்ட்லயே தங்கிடுச்சு. அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல அந்த ஃபைலைத் திறந்தா ‘திருவளர்ச்செல்வி’ இருக்க வேண்டிய இடத்துல ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டிக் கிடக்கும்!

போதாக்குறைக்கு சித்தப்பாவோட தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேருக்கு ஒரு டாங்கிள். சிபியு பின்னாடி பழைய பிரின்டர் போர்ட்ல செருகினாத்தான் வேலை செய்யும். இப்ப வர்ற போர்டுகள்ல அந்த ஓட்டையைத் தேடிப் பிடிக்கிறதே பெரும்பாடு.

உள்ளே இருக்கிற ஃபைலோ... பதினைஞ்சு வருஷத்துக்கு மேல சேர்ந்தது. “எங்க அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே எனக்கும் வேணும்”னு வந்து நிப்பாங்க. சித்தப்பா அரை நிமிஷத்துல எடுத்துக் காட்டுவாங்க. பாளையங்கோட்டையில சேவியர்ஸ், ஜான்ஸ், சாரா டக்கர், சதக்கத்துல்லா அப்பா, அந்தப் பக்கம் அபிஷேகப்பட்டியில மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்னு இத்தனை இருக்கிற ஊர். எம்.ஃபில். இருந்த காலத்துல தமிழ் ஆய்வேடு டைப் அடிக்க வந்தவங்களோட ஃபைலும் அதுக்குள்ளதான்.

இன்னொண்ணும் சொல்லணும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல பெஞ்ச மழையை இந்தப் பக்கத்து ஜனம் மறக்காது. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல சுமார் 95 செ.மீ. மழை! தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன், கொக்கிரகுளம்னு ஊருக்குள்ள வந்துச்சு. தண்ணி ஏறுதுன்னு தெரிஞ்சதும் சித்தப்பா கடைக்கு ஓடி, பெரியவரைத் தோள்ல தூக்கி மாடிக்குக் கொண்டுபோயிட்டாங்க. ஜெராக்ஸ் மிஷினைத் தூக்க ஆள் இல்ல. அது முங்கிடுச்சு. அதுக்குப் பதிலா வாங்கின மிஷினோட கடனே இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. இந்த நிலைமையில முப்பதாயிரத்துக்கு எங்க போறது? அதுவும் ஆவணி முகூர்த்தம் தலைக்கு மேல நிக்கும்போது!

முதல் வேலை ரிப்பேர் இல்ல!

நான் போன அன்னிக்குப் பெரியவர் ஆறாவது அமுக்கலுக்குக் கிளம்பினார். ஸ்க்ரூ டிரைவரை நான் தொடவே இல்ல. வெளி ஹார்ட் டிஸ்க்கை மாட்டி காப்பி எடுத்தேன். கிளம்ப மாட்டேங்குற மெஷின் ஒரு தடவை கிளம்பிடுச்சுன்னா அது உங்களுக்குக் கிடைச்ச வரம். அதை ஆராய்ச்சியில வீணடிக்காதீங்க. நாளைக்கு எழும்புமோ எழும்பாதோ, யார் கண்டா?

ஃபைல் மட்டும் போதாது. ஃபான்ட்ஸ் ஃபோல்டர், சாஃப்ட்வேர் சிடியோட காப்பி எல்லாம் சேரணும். ஒரு காப்பி கடையில, இன்னொண்ணு பெருமாள்புரத்துல எங்க வீட்ல. ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா, ரெண்டும் ஒரே வெள்ளத்துல போகும்.

அடுத்து ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கினேன். தேதி, கிழமை, எத்தனையாவது அமுக்கல்ல கிளம்பிச்சு, தூங்கினா எழும்பிச்சா இல்லையா... எல்லாத்தையும் சித்தப்பா எழுதணும். “என்னட்டி, ஆஸ்பத்திரி சார்ட் மாதிரில்லா இருக்கு!”ன்னாங்க. ஆமா, அதேதான். ஒரு நேரத்துல ஒரே ஒரு மாத்தம்தான் செய்யணும். நாலையும் ஒண்ணா மாத்திட்டா எது மருந்து, எது மாயம்னு தெரியாமப் போயிடும்.

ஞாபக மறதிக்கு ஒரு காசு

மதர்போர்டுல ஒரு ரூபாய்க் காசு சைஸ்ல ஒரு செல் இருக்கும். அதும்மேல சிஆர் 2032-ன்னு எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன்னு அர்த்தம். 3 வோல்ட். பிளக் சுவிட்சை அணைச்ச பிறகும் கடிகாரத்தை ஓட்டுறது அதுதான். சுவிட்ச் ஆன்ல இருக்கிற வரைக்கும் செல்லுக்குப் பெரிசா வேலை இல்ல. சித்தப்பா இடி மின்னலுக்குப் பயந்து தினமும் ராத்திரி மெயினை அணைச்சுட்டுப் போறவங்க. நல்ல பழக்கம்தான். ஆனா அந்த நேரம் பூரா செல்தான் உழைக்குது. வெள்ளத்தப்போ பல நாள் மாடியில சும்மா கிடந்ததும் சேர்ந்து, மீட்டர்ல வெச்சா 2.1 வோல்ட்!

பிளக்கைக் கழட்டிட்டு, பழசு எந்தப் பக்கம் பார்த்து இருந்துதோ அதே மாதிரி புதுசைப் போட்டேன். நாப்பது ரூபா. தேதி, நேரம் செட் பண்ணினதோட எஃப் 1 தொல்லை தீர்ந்தது.

ஆனா காலை மக்கர்? அப்படியேதான் இருந்துச்சு. நோட்டுல எழுதிக்கிட்டோம்.

பஸ் வந்தா முழிப்பு!

அடுத்து, தானா எழுந்துக்கிறது. பேய் பிசாசு இல்லீங்க. கம்ப்யூட்டரை எழுப்ப மவுஸ், கீபோர்டு, நெட்வொர்க் கார்டு, டைமர்னு நாலஞ்சு பேருக்கு அனுமதி உண்டு. யார் எழுப்பினாங்கன்னு விண்டோஸ்கிட்டயே கேக்கலாம். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘பவர் சிஎஃப்ஜி’ன்னு ஒட்டி அடிச்சு, ஸ்பேஸ் விட்டு, ஒரு சின்னக் கோடு போட்டு, ‘லாஸ்ட்வேக்’னு அடிங்க. கடைசியா எழுப்பின ஆளை எடுத்துச் சொல்லும்.

எங்க குற்றவாளி, மவுஸ்! கடை ரோட்டோரம். பஸ் திரும்புறப்ப மேஜை லேசா அதிரும். ஆப்டிகல் மவுஸுக்கு அந்த அசைவே போதும். டிவைஸ் மேனேஜர்ல மவுஸைப் பிடிச்சு, பிராப்பர்ட்டீஸ்ல பவர் மேனேஜ்மென்ட் போய், ‘இது கம்ப்யூட்டரை எழுப்பலாம்’ங்கிற டிக்கை எடுத்துட்டேன். கீபோர்டு மட்டும் எழுப்பட்டும். செலவு, பூஜ்யம்.

சாம்பிராணி ரகசியம்

மிச்சம் ரெண்டு வியாதி. காலையில கிளம்பாதது, தூங்கினா சில சமயம் எழும்பாதது. முதல்ல ராமைச் சந்தேகப்பட்டேன். கழட்டி, அதோட தங்க நிறப் பல்லை பென்சில் ரப்பரால லேசாத் தேய்ச்சு, தூசி தட்டி மாட்டினேன். நம்ம ஊர் மெக்கானிக் எல்லாரும் செய்ற முதல் வைத்தியம் இது. பாதி நேரம் பலிக்கவும் செய்யும். ராத்திரி முழுக்க மெமரி டெஸ்ட்டும் ஓட விட்டேன். ஒரு தப்பும் இல்ல. வியாதியும் போகல.

மூணு வாரம் கழிச்சு நோட்டைப் புரட்டினப்பதான் ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. மத்த நாள் எல்லாம் நாலு, அஞ்சு, ஆறுன்னு இருக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு!

“வெள்ளிக்கிழமை என்ன செய்வீங்க சித்தப்பா?”

“சாம்பிராணி போடுவேன். அதான் அன்னிக்கு மட்டும் ஒழுங்கா கிளம்புது. நான் அப்பவே சொன்னேன்லா!”

சாமி விஷயத்துல நான் தலையிடல. ஆனா கேட்டுப் பார்த்தா, வெள்ளிக்கிழமை மெயினைப் போட்டுட்டு, கடையைக் கழுவி, விளக்கேத்தி, சாம்பிராணி காட்டி, டீ குடிச்சுட்டு வந்து பட்டனை அமுக்க அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். மத்த நாள் மெயினைப் போட்ட கையோட பட்டன். அடுத்த திங்கட்கிழமை மெயினைப் போட்டுட்டு, சாம்பிராணி இல்லாம அரை மணி நேரம் சும்மா உட்காரச் சொன்னேன். முதல் அமுக்கல்லயே கிளம்பிட்டார் பெரியவர்!

அந்த அரை மணியில என்ன நடக்குது? சொல்றேன்.

எஸ்.எம்.பி.எஸ்.னு ஒரு டப்பா சிபியுவுக்கு உள்ள இருக்கு இல்லையா... அதுக்குள்ள ரெண்டு பிரிவு. பெருசு ஒண்ணு, நீங்க ஆன் பண்ணினாத்தான் ஓடும். சின்னது ஒண்ணு, பிளக்ல கரன்ட் இருக்கிற வரைக்கும் ஓயாது. அது குடுக்குறது 5 வோல்ட் ஸ்டாண்ட்பை. நீங்க பட்டனை அமுக்குறதை மதர்போர்டு உணருறதே அந்தக் கரன்ட்லதான்.

ஸ்லீப்ங்கிறதும் அதை நம்பித்தான். ஸ்லீப்ல கம்ப்யூட்டர் போடுறது கோழித் தூக்கம். எல்லாத்தையும் அணைச்சுட்டு ராமுக்கு மட்டும் ஸ்டாண்ட்பை கரன்ட் ஊட்டி, நீங்க விட்ட இடத்தை ஞாபகம் வெச்சிருக்கும். ஹைபர்னேட் வேற. அது ஞாபகத்தை எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல எழுதி வெச்சுட்டு நெசமாவே அணைஞ்சுடும். ஸ்டாண்ட்பை தள்ளாடினா, ராம் தூக்கத்துலயே மறந்துடும். எழுப்பினா கறுப்பு ஸ்கிரீன். ஆக, காலை மக்கரும் தூக்க மக்கரும் ரெண்டு வியாதி இல்ல. ஒரே வியாதியோட ரெண்டு முகம்!

சோதிக்கிறது சுலபம். மதர்போர்டுல செருகியிருக்கிற பெரிய 24 பின் கனெக்டர்ல ஊதா நிற ஒயர்தான் ஸ்டாண்ட்பை. கறுப்பு, கிரவுண்ட். மல்டிமீட்டரை டி.சி.யில வெச்சுப் பாருங்க. 4.75-ல இருந்து 5.25 வரைக்கும் இருந்தா நார்மல். பெரியவருக்குக் காலையில மெயின் போட்டதும் 4.2! அரை மணி கழிச்சு 4.9.

உள்ளே இருக்கிற எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் காய்ஞ்சுபோச்சுன்னா இப்படித்தான். ஆறிக் கிடக்கும்போது முடியாது, கொஞ்சம் சூடேறினா சமாளிச்சுக்கும். சாதாரணமா 105 டிகிரியில 2,000 மணி நேரம்னு அதுல ஆயுள் குறிச்சிருப்பாங்க. வெப்பம் 10 டிகிரி குறைஞ்சா ஆயுள் ஏறக்குறைய ரெண்டு மடங்குன்னு ஒரு பொதுக் கணக்கு. டப்பாவுக்குள்ள 55 டிகிரின்னா 64,000 மணி. ஓயாம ஓடினா ஏழு வருஷம் சொச்சம். சித்திரை வெயில்ல நம்ம ஊர் ஓட்டுக் கடைக்குள்ள அந்த டப்பா என்ன பாடுபடும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. ராத்திரி மெயினை அணைச்ச சித்தப்பாதான் பெரியவருக்கு ஆயுசைக் கூட்டியிருக்காங்க!

உடனே புதுசு வாங்கிடல. ஃப்ரெண்டு வீட்ல நல்லா ஓடிக்கிட்டிருந்த ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒரு நாள் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தோம். காலையில முதல் அமுக்கல், ‘பீப்’! பத்துத் தடவை தூங்க வெச்சோம், பத்துத் தடவையும் எழும்பினார். அதுக்குப் பிறகுதான் கடைக்குப் போனோம். செல்லும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள்ள. மதர்போர்டு? அது நல்லாத்தான் இருக்கு.

ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் திறக்காதீங்க. 230 வோல்ட் ஏ.சி. உள்ளே போய் 300 வோல்ட்டுக்கு மேல டி.சி.யா மாறி நிக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் கெப்பாசிட்டர்ல தங்கியிருக்கும். நாம மாத்தலாம், பிரிக்கக் கூடாது.

உங்க வீட்டுப் பெரியவருக்கு...

விண்டோஸ் 8, 10, 11-ன்னா இன்னொரு சந்தேகமும் சேர்த்துக்குங்க. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’னு ஒண்ணு. அது ஆன்ல இருந்தா ‘ஷட்டவுன்’ங்கிறது முழு ஷட்டவுன் இல்ல, பாதி ஹைபர்னேட். ரீஸ்டார்ட் பண்ணினா நல்லா வருது, ஷட்டவுன் பண்ணி மறுநாள் போட்டா மக்கர் பண்ணுதுன்னா, கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போய் அந்த டிக்கை எடுத்துப் பாருங்க.

வெள்ளத்துல நனைஞ்ச மெஷின்னா, ‘ஓடுதா பார்ப்போம்’னு ஆன் பண்ணவே பண்ணாதீங்க. பிளக்கைக் கழட்டி, அந்தக் காசு செல்லையும் எடுத்துட்டு, ஹார்ட் டிஸ்க்கைத் தனியா பத்திரப்படுத்தி, விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க.

2020 ஜனவரி 14-ல விண்டோஸ் 7-க்கும், 2025 அக்டோபர் 14-ல விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. அதனால பெரியவருக்கு நெட் கனெக்‌ஷன் கிடையாது. மெயில், வாட்ஸ்அப் எல்லாம் சித்தப்பா போன்ல. பென் டிரைவை வேற மெஷின்ல ஸ்கேன் பண்ணின பிறகுதான் உள்ளே அனுமதி.

இதையெல்லாம் செஞ்சா பெரியவர் சாகாவரம் வாங்கிடுவாரா? மாட்டார். சித்தப்பாவுக்கு இப்போ கிடைச்சிருக்கிறது கொஞ்சம் அவகாசம், அவ்வளவுதான். அதை வீணாக்காம, ஆள் வராத மதிய நேரத்துல பழைய ஃபைலை ஒண்ணொண்ணா திறந்து பி.டி.எஃப். ஆக்கிக்கிட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை நான் போய் முக்கியமானதை யூனிகோடுக்கு மாத்துறேன். கூலி, ஒரு பிளேட் அல்வா. திருநெல்வேலியில நெசமாவே அல்வா குடுத்தா சந்தோஷமா வாங்கிக்கலாம் பாஸ்!

நீங்களும் இந்த ஞாயித்துக்கிழமை அந்தப் பூப்போட்ட துணியை விலக்குங்க. மெயினைப் போட்டு அரை மணி பொறுங்க. அப்புறம் பட்டனை அமுக்குங்க. கிளம்பிட்டா, வேற எதையும் தொடாதீங்க. முதல்ல காப்பி எடுங்க. உங்க தாத்தாவோட போட்டோ அதுக்குள்ள இருக்கலாம். யாரோ ஒருத்தரோட ஆய்வேடு இருக்கலாம். டாக்டர் வேலையை அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்!